பெயரில்லாமல் திரும்பிய பெட்டிகள்

அந்தத் தீவில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. திறந்துகொண்டு உள்ளே வந்த பிறகு "இருக்கீங்களா?" என்று கேட்பதுதான் வழக்கம். அதனால், எட்வின் டிரெவர் வீட்டுக் கதவை யாரோ தட்டியபோது, அடுப்போரம் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ரோடா கிளவுஸ்டன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். வந்திருப்பது வெளியூர் ஆளாக இருக்க வேண்டும். உள்ளூர் ஆள் என்றால், படியேறத் தயங்கும் அளவுக்கு மனம் கலங்கிப்போன ஒருவராக இருக்க வேண்டும்.

வாசலில் இங்கா ஃபிளெட் நின்றாள். மழை பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் தன் மழைக்கோட்டைக் கழற்றி, மார்போடு அணைத்திருந்த அட்டைப்பெட்டிக்குப் போர்த்தியிருந்தாள். தான் நனைவதைப் பற்றி அவளுக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

"டிரெவர்," என்றாள், "இது செத்தவங்க வேலையா, உயிரோட இருக்கறவங்க வேலையான்னு எனக்குத் தெரியணும். ரெண்டுல எதுவா இருந்தாலும் தாங்கிக்குவேன். தெரியாம இருக்கறதுதான் முடியல."

டிரெவர் முப்பது வருடம் கப்பல் காப்பீட்டுத் துறையில் விசாரணை அதிகாரியாக இருந்தவர். மூழ்கிய கப்பல் தானாக மூழ்கியதா, யாராவது மூழ்கடித்தார்களா என்று கண்டுபிடிப்பதே பிழைப்பாக இருந்தது. ஓய்வு பெற்றுப் பிறந்த தீவுக்கே திரும்பிவிட்டார். ரோடா தபால் வண்டி ஓட்டுகிறவள். அவருக்கு உதவியாளர் என்று தன்னைத்தானே நியமித்துக்கொண்டவள். அவரும் மறுக்கவில்லை, மறுத்தால் மட்டும் கேட்கப்போகிறாளா என்ன?

பெட்டி மேசைக்கு வந்தது. மேலே ஒட்டியிருந்த லேபிள் வெள்ளை வெளேரென்று இருந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை, மெஷின் படிக்கும் கறுப்புக் கோடுகள் இல்லை. பெட்டியின் அடியில் மட்டும் ஆட்டுக்கொம்பு முத்திரை ஒன்று பதிந்திருந்தது.

"தோர்ஃபினோட முத்திரை," என்றாள் ரோடா. "அதைப் பார்த்துத்தான் அக்கரையில கிர்க்வால் தபால் கிடங்குல அடையாளம் கண்டு திருப்பி அனுப்பறாங்க. இதோட மூணாவது. மூணையும் நான்தான் கொண்டுவந்து குடுத்தேன். சொன்னா சிரிப்பீங்க, பெரியவரே, இதை வண்டியில வச்சுக்கிட்டு ஓட்டும்போது பின்னால திரும்பிப் பார்க்கவே பயமா இருக்கு."

டிரெவர் சிரிக்கவில்லை. இங்கா சொல்லத் தொடங்கினாள்.

அவள் கணவன் தோர்ஃபின் போன வருடம் இலையுதிர் காலத்தில் நண்டுக்கூடு எடுக்கக் கடலுக்குப் போனான். படகு கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. மழையையும் புயலையும் முன்கூட்டியே சொல்லும் பாரோமீட்டர்கள்தான் அவனுக்கு உயிர். பழசை வாங்கிப் பழுது பார்த்து, இணையத்தில் விற்பான். பிடித்துப்போனதை விற்க மனம் வராமல் சுவரில் மாட்டிவிடுவான். அவன் போன பிறகு இங்கா அதே இணையக் கடையில் தான் பின்னிய கம்பளிக் கையுறைகளை விற்றுப் பிழைத்தாள். இந்தக் குளிர்காலத்தில் கூரை ஒழுகத் தொடங்கியது. பாரோமீட்டர்களை ஒவ்வொன்றாக விற்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

"கையுறை எல்லாம் ஒழுங்காப் போய்ச் சேருது. ஜப்பான் வரைக்கும் போயிருக்கு. அவரு சாமான் மட்டும் போக மாட்டேங்குது. பேரை அழிச்சுக்கிட்டு வீட்டுக்கே திரும்பி வருது."

"மெரன் என்ன சொல்றாங்க?" என்று டிரெவர் கேட்டார்.

இங்காவின் முகம் இறுகியது. மெரன், தோர்ஃபினின் அக்கா. கல்யாணம் ஆகாதவள், அதே வீட்டில் இருக்கிறவள். படகுத்துறைக் கடையில் வேலை. தீவிலிருந்து போகும் பார்சலெல்லாம் அந்தக் கடையின் பின்னறையில்தான் படகுக்குக் காத்திருக்கும். காற்று மோசமானால் ஒரு வாரம்கூடக் கிடக்கும்.

"விக்கப் போறேன்னு சொன்ன அன்னைக்கே, 'என் தம்பி சாமான் இந்தத் தீவை விட்டுப் போகாது'ன்னு சொன்னாங்க. அதே மாதிரி நடக்குது. பின்னறைக்குச் சாவி அவங்ககிட்டதான் இருக்கு. 'லேபிளை மாத்தினது நீங்களா?'ன்னு கேட்டேன். ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. கோபத்துல, சனிக்கிழமை படகுல கிளம்புங்கன்னு சொல்லிட்டேன். அவங்களுக்கு வேற வீடு கிடையாது, டிரெவர்."

"அவங்க செய்யலைன்னு வை. அப்புறம்?"

"அப்புறம் அவரு. அவரு வேண்டாங்கறதை நான் எப்படி விக்கறது? நான்தான் அந்த வீட்டை விட்டுப் போகணும்."

ரோடாவால் சும்மா இருக்க முடியவில்லை. "ஒண்ணு சொல்லிடறேன். இங்கா வீட்டு வாசல்ல நான் எடுக்கும்போது மூணு பெட்டியிலயும் பேரு இருந்துச்சு. என் மெஷினை வச்சுப் பார்த்தேன், கோடெல்லாம் படிச்சு 'பீப்'னு கத்துச்சு. அதுக்கப்புறம்தான் என்னமோ ஆகியிருக்கு."

டிரெவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளின் மேல் குனிந்தார். ஓரத்தை நகத்தால் மெதுவாகக் கிளப்பிப் பார்த்தார். நூலளவு கிளம்பியதற்கே அட்டையின் தோல் உரிந்து கூடவே வந்தது. பிறகு ரோடாவை அருகே அழைத்தார்.

"மேல் ஓரத்துல என்ன தெரியுது?"

லேபிளின் மேல் விளிம்பில் சீப்புப் பல் போலக் குட்டிக் குட்டிக் கறுப்புக் கோடுகள் இருந்தன. கீழ் விளிம்பில் எழுத்துகளின் கால்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் ஒன்றுமே இல்லை.

"நடுவை மட்டும் தின்னுருக்கு," என்றாள் ரோடா. குரல் கொஞ்சம் உள்ளே போய்விட்டது.

மறுநாள் இருவரும் ஃபிளெட் வீட்டுக்குப் போனார்கள். கூடத்துக்குள் நுழைந்ததுமே ரோடா டிரெவரின் பின்னால் ஒதுங்கினாள். சுவர் முழுக்கப் பாரோமீட்டர்களின் வட்ட முகங்கள். எல்லா முட்களும் 'புயல்' என்ற ஒரே சொல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. திரும்பி வந்தவையும் பழைய ஆணியிலேயே மறுபடி தொங்கின. ஒரு நாளும் வீட்டை விட்டு வெளியே போகாதவை போல இருந்தன. உள்ளறையிலிருந்து சத்தம் வந்தது. டொக், டொக். சிறு இடைவெளி. மறுபடி டொக், டொக்.

தோர்ஃபின் காலையில் எழுந்ததும் ஒவ்வொரு பாரோமீட்டரின் கண்ணாடியையும் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவான். தீவில் எல்லோருக்கும் தெரிந்த பழக்கம் அது. ரோடா டிரெவரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளையும் இழுத்துக்கொண்டே அவர் நடந்துபோய் உள்ளறைக் கதவைத் தள்ளினார்.

உள்ளே மெரன் நின்றிருந்தாள். தம்பி தட்டியது போலவே கண்ணாடியைத் தட்டி, முள் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபதைத் தாண்டிய, நெடிய, எலும்பும் தோலுமான பெண். கட்டிலின் மேல் ஒரு துணிப்பெட்டி பாதி நிரம்பியிருந்தது.

"வாங்க. விசாரிக்க வந்தீங்களாக்கும்," என்றாள் திரும்பாமலே.

"ஒரே ஒரு கேள்விதான். முதல் பெட்டி திரும்பி வந்தப்போ உங்களுக்கு ஆச்சரியமா இருந்துச்சா?"

மெரனின் காது சிவந்தது. "அதை ஏன் என்கிட்ட கேக்கறீங்க? புருஷன் சாமானை ஏன் விக்கறேன்னு அவகிட்டப் போய்க் கேளுங்க." மடித்த துணி ஒன்றைப் பெட்டியில் வைத்து அழுத்தினாள். குற்றவாளியின் காது இப்படித்தான் சிவக்கும் என்று ரோடா மனதுக்குள் முடிவு கட்டினாள்.

சமையலறை மேசையில் ரொட்டி அச்சளவு இருந்தது இங்காவின் பிரிண்டர். பக்கத்தில் லேபிள் சுருள்.

"இதுக்கு மை எங்க ஊத்தணும்?" என்று கேட்டார் டிரெவர்.

"மையே கிடையாது. அதுக்காகத்தான் வாங்கினேன். அவரோட பழைய பிரிண்டர் மையைக் குடிச்சே என்னை ஓட்டாண்டி ஆக்கிரும். இது சூட்டுலயே எழுதும். காகிதத்துலயே ஏதோ பூசியிருக்காம், சூடு பட்ட இடம் கறுக்குமாம். லேபிள் ஒண்ணுக்குக் காசு ரெண்டுதான் ஆகுது, ரொம்ப மலிவு."

"என் பேரு, விலாசம் போட்டு ரெண்டு அடிச்சுத் தா. ரெண்டு காலிப் பெட்டியில ஒட்டு. ஒண்ணு கையுறை, இன்னொண்ணு பாரோமீட்டர்னு நினைச்சுக்க. எப்பவும் எப்படிச் செய்வியோ அப்படியே செய்."

பிரிண்டர் மெல்ல முனகியது. எட்வின் டிரெவர் என்ற பெயர் இரண்டு முறை வெளியே வந்தது. கையுறைப் பெட்டிக்கு இங்கா லேபிளைப் பிய்த்து ஒட்டி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள், வேலை முடிந்தது. இன்னொரு பெட்டியிடம் வந்தபோது அவள் கை நிதானமானது. லேபிளை நேராக ஒட்டினாள். இழுப்பறையைத் திறந்து, வளைந்து கொடுக்கும், மஞ்சளோடிய ஒரு கண்ணாடி டேப் சுருளை எடுத்தாள். பெயரின் மேல் ஒரு பட்டை, கோடுகளின் மேல் ஒரு பட்டை ஒட்டி, காற்றுக்குமிழி இல்லாமல் நகத்தால் நீவி விட்டாள். தூங்குகிற குழந்தைக்குப் போர்வையை இழுத்து விடுவது போலிருந்தது. ரோடா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கலக்கத்தில் வேறு எதையும் அவள் கவனிக்கவில்லை.

டிரெவர் இரண்டு பெட்டிகளையும் தன் வீட்டுக்குக் கொண்டுபோய், அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் அடுத்தடுத்து வைத்தார்.

"சும்மா இருக்கட்டும்," என்றார். அவ்வளவுதான். எவ்வளவு குடைந்தும் ரோடாவுக்கு அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தபால் சுற்றை முடித்துக்கொண்டு அவள் வந்தபோது டிரெவர் தோட்டத்தில் இருந்தார். கெட்டிலை அடுப்பில் ஏற்றிவிட்டு, பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைக் கடித்தபடி பலகையை அண்ணாந்து பார்த்தாள். ஒரு பெட்டி எட்வின் டிரெவர் என்றது. இன்னொரு பெட்டி ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளைப் பரப்பில் பெயர் இருந்த இடம் பழைய தழும்பு போல மங்கிக் கிடந்தது.

ரொட்டி அடுப்புக்குள் போயிற்று. "பெரியவரே!" என்று அவள் போட்ட சத்தத்தில் வேலிமேல் இருந்த கடற்பறவைகள் எழுந்து பறந்தன. "உங்க பேரு போயிருச்சு! மெரன் இந்தப் பக்கமே வரல! உங்க பேரையே அழிச்சிருக்கு! ஐயோ, நல்லா இருக்கீங்கல்ல? நெஞ்சு வலி கிலி இருக்கா?"

டிரெவர் சேற்றுக்காலோடு வந்து பெட்டியை எடுத்துப் பார்த்தார். முகத்தில் வருத்தமும் நிம்மதியும் சேர்ந்து தெரிந்தன.

"நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. பேய் வந்ததுன்னா பக்கத்துப் பெட்டியை ஏன் விட்டுட்டுப் போச்சு?"

"அதுல கையுறை... அதுல..." ரோடா நிறுத்தினாள். "ரெண்டுமே காலிப் பெட்டி."

"ஆமா. பேய்க்கு அது தெரியாமப் போச்சு பாரு. நாளைக்குப் படகு கிளம்பறதுக்கு முன்னாடி அங்க இருக்கணும். வண்டியில பெட்ரோல் இருக்கா?"

சனிக்கிழமை காலையில் மெரன் கோட்டும் தொப்பியுமாகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் துணிப்பெட்டி. இங்கா எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். நடுவில் பாரோமீட்டர்கள். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. துறையில் படகு ஊதும் சத்தம் ஒருமுறை கேட்டது.

டிரெவர் உட்காரவில்லை. மூன்றாவது முறை திரும்பி வந்த பெட்டியை மேசையில் வைத்தார்.

"முதல்ல மெரன். லேபிளை மாத்தணும்னா பழசை உரிக்கணும். உரிச்சா அட்டைத் தோல் கூடவே வரும். இதுல அப்படி உரிச்ச தடமே இல்ல. மேல் ஓரத்துல பழைய கோட்டோட நுனி இருக்கு, கீழ் ஓரத்துல எழுத்தோட கால் இருக்கு. அப்போ இது இங்கா ஒட்டின அதே லேபிள்தான். யாரும் மாத்தல."

இங்கா சட்டென்று மெரனைப் பார்த்தாள். பிறகு, அந்தச் சொல்லின் மறுபக்கம் உறைத்ததும் அவள் முகம் வெளுத்தது. "அப்படின்னா அவரு..."

"பொறு. ரோடா, கெட்டிலைக் கொண்டா."

கொதித்துக்கொண்டிருந்த கெட்டிலை ரோடா கொண்டுவந்தாள். டிரெவர் சுருளிலிருந்து எழுதாத லேபிள் ஒன்றைக் கிழித்து, கெட்டிலின் அடியை அதன் மேல் ஒற்றி எடுத்தார். கரிபோல ஒரு கறுப்பு வட்டம் விழுந்தது.

"சூடு பட்டாக் கறுக்கற காகிதம். இப்போ திரும்பி வந்ததுல வைக்கிறேன்."

ஒற்றினார். மேல் ஓரமும் கீழ் ஓரமும் கறுத்தன. நடுப்பகுதி, சுடுநீர் கெட்டிலையே வைத்தும், பிடிவாதமாக வெள்ளையாகவே இருந்தது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே எல்லை கோடு கிழித்தது போல நேராக ஓடியது. டேப்பின் விளிம்பும் அதே இடத்தில்தான் இருந்தது.

"டேப்பா?" என்றாள் ரோடா.

"டேப்தான். தோர்ஃபின் படகுக் கொட்டகையில வச்சிருந்த டேப். அது இவ்வளவு வளைஞ்சு குடுக்கறதுக்கு அதுக்குள்ள ஒரு எண்ணெய் இருக்கு. அந்த எண்ணெய் மெதுவாக் காகிதத்துக்குள்ள இறங்கி, எழுத்தைக் கரைச்சிரும். அப்புறம் அந்த இடம் கறுக்கவும் கறுக்காது. குளிர்ல வைச்சா நாளாகும். கடைப் பின்னறையில பாய்லர் பக்கத்துல வச்சா நாலஞ்சு நாள் போதும். என் அடுப்புக்கு மேலயும் அதுதான் நடந்துச்சு. இந்தக் குளிர்காலத்துல படகு ஒழுங்கா ஓடியிருந்தா, பேரு மறையறதுக்குள்ள மூணு பெட்டியும் போய்ச் சேர்ந்திருக்கும்."

"ஆனா கையுறை..." என்று ஆரம்பித்தாள் இங்கா.

"கையுறைக்கு நீ டேப் ஒட்டறதே இல்ல."

இங்கா தன் கையைப் பார்த்தாள். வேறு யாருடைய கையோ தன் உடம்பில் முளைத்திருப்பது போலப் பார்த்தாள்.

"ஏன் இதுக்கு மட்டும் ஒட்டினே?" டிரெவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

அவள் சொற்கள் தட்டுத் தடுமாறி வந்தன. "அவரு அடிக்கும்போது பழைய பிரிண்டர். மை. ஒரு சொட்டு மழை பட்டாலும் பேரு ஓடிப்போயிரும். அவரு பெட்டியைப் பிடிச்சுக்குவாரு, நான் டேப் ஒட்டுவேன். 'பேருக்குக் கூரை போடு, இங்கா'ன்னு சொல்லுவாரு. ஒவ்வொரு தடவையும். கையுறை விக்க ஆரம்பிச்சப்போ அவரு இல்ல, புது மெஷின், யாரும் சொல்லல, நானும் ஒட்டல. பாரோமீட்டரைக் கையில எடுத்தா... கை தானாப் போயிருக்கு. நான் நினைக்கக்கூட இல்லையே."

ரோடாவுக்குச் சுவரில் இருந்த வட்ட முகங்கள் இப்போது பயமாக இல்லை. ஆனால் அழுகை வந்தது. அது இன்னும் மோசம்.

"நான் பேயை ஒண்ணும் விரட்டிரல," என்றார் டிரெவர். "யாரும் உன்னைத் தடுக்கல, இங்கா. அதை மட்டும்தான் என்னால சொல்ல முடியும். மூணு தடவையும் நீ அவரு சொன்னபடி செஞ்சிருக்கே. ஒரு வருஷம் தள்ளிச் செஞ்சிருக்கே."

படகு இரண்டாம் முறை ஊதியது. மெரன் எழுந்திருக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"அன்னைக்குக் கேட்டீங்களே, ஆச்சரியமா இருந்துச்சான்னு," என்றாள் டிரெவரிடம். "இல்ல. சந்தோஷமா இருந்துச்சு. அவன்தான் கொண்டுவரான்னு நினைச்சேன். உடம்பு வரல, சாமானாவது வருதேன்னு இருந்துச்சு. நான் செய்யலைன்னு சொல்லியிருந்தா, இங்கா யாரையாவது கூப்பிட்டுக் காரணத்தைத் தேடுவா. தேடினா சாமான் வரது நின்னுரும். அதான் வாயைத் திறக்கல. அவ என்னைத் திருடின்னு நினைச்சாலும் பரவாயில்லைன்னு இருந்துட்டேன்."

இங்கா சுவரை விட்டு நகர்ந்தாள். மெரனின் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். அதை அவள் கட்டிலுக்கு அடியில் தள்ளும் சத்தம் வெளியே கேட்டது. திரும்பி வந்து, "கோட்டைக் கழட்டுங்க, மெரன். கூரைக்காரன் திங்கக்கிழமை வரான். வந்து எதைக் கழட்டணும், எதை வைக்கணும்னு சொல்ல ஆள் வேணும். என்னால தனியா அவன்கூட மல்லுக்கட்ட முடியாது," என்றாள்.

"மன்னிப்புக் கேக்க மாட்டியாக்கும்," என்றாள் மெரன்.

"கேக்கறேன். முதல்ல கோட்டைக் கழட்டுங்க."

மெரன் கழற்றினாள். பிறகு தானே எழுந்து போய், திரும்பி வந்திருந்த பாரோமீட்டர் ஒன்றை ஆணியிலிருந்து எடுத்தாள். கண்ணாடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். முள் ஒரு மயிரிழை நகர்ந்தது. "பெர்கன்ல இருந்து இதை வாங்கினவன் எத்தனை நாள் காத்திருப்பான்? அனுப்பு," என்றாள். அவள் குரல் உடைந்ததைக் கவனிக்காதது போல எல்லோரும் நடித்தார்கள்.

மெரன் பொதிந்தாள், இங்கா பெட்டியை மூடினாள். பிரிண்டர் முனகியது. லேபிளை ஒட்டியதும் இங்காவின் கை இழுப்பறை வரைக்கும் போய், அதன் பிடியைத் தொட்டு நின்றது. அப்படியே திரும்பி வந்தது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. "குடுங்க, கோட்டுக்குள்ள வச்சு ஓடிடறேன்," என்று ரோடா கை நீட்டினாள். இங்கா கொடுக்கவில்லை. பெட்டியை ஒரு கையில் அணைத்து, இன்னொரு கையை லேபிளின் மேல் அகல விரித்தபடி மழையில் இறங்கி நடந்தாள். ரோடா வண்டிக் கதவைத் திறந்து, பெட்டியை உள்ளே வாங்கி வைத்து, மறுபடி மூடும் வரைக்கும் அந்தக் கையைப் பெயரின் மேலிருந்து அவள் எடுக்கவே இல்லை.